அப்பா யாருக்காக அழுதார்?

போன மாதம் பேத்தி பெங்களூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தாள். வந்த அன்றே ஒரு தடிமனான நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டாள். எட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் எழுத்தே இல்லை, ஒரு வரைபடம்தான் இருந்தது. கோட்டைச் சுவர், சுவரைச் சுற்றி அகழி, வெளியே காடு, காட்டுக்கு நடுவில் தனியாக ஒரு வீடு, வீட்டுப் பக்கத்தில் குளம், அதற்கப்பால் கடல். ஊர்ப் பெயர்கள் எந்த பாஷை என்றே சொல்ல முடியவில்லை.

"இது என்னம்மா?"

"ஃபேன்டஸி நாவல் எழுதப் போறேன் தாத்தா. முதல்ல மேப் போட்டுடணும். அப்பதான் யார் எங்க போறாங்கன்னு குழப்பம் வராது."

"இந்த ஊர் எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல. நானே உண்டாக்கினது."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். சுவர், அகழி, காடு, காட்டு வீடு, குளம், கடல். "இது காஞ்சிபுரம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, இதே ஊஞ்சலில், பரீட்சை லீவு முழுக்க 'சிவகாமியின் சபதம்' கதையைத் தினம் கொஞ்சமாகச் சொன்னவன் நான். அவள் மறந்துவிட்டாள். கை மறக்கவில்லை. காட்டுக்குள் இருக்கும் அந்த வீடு ஆயனச் சிற்பியின் அரண்ய வீடு, குளம் சிவகாமி உட்கார்ந்திருக்கும் தாமரைக் குளம். சொன்னதும் அவளுக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது. தானே உண்டாக்கினது என்று நினைத்திருந்தாளே! பிறகு அவளே சமாதானமாகி, "டோல்கீன்கூட அப்படித்தான் தாத்தா" என்று ஆரம்பித்தாள். அந்த ஆங்கிலேயர் 1911-இல், 19 வயதில், சுவிட்சர்லாந்து மலைகளில் நடந்துபோனாராம். பல வருடம் கழித்து அவர் எழுதிய கதையில் வரும் மலைகள் அந்த மலைகள்தானாம். அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறாராம். எனக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. ஆனால் பார்த்த மலையைப் பல வருடம் மனதில் வைத்திருப்பது எப்படி என்று தெரியும். என் அப்பா பார்க்காத ஒரு ஊரையே அப்படி வைத்திருந்தார்.

நாங்கள் பிள்ளையார்பாளையத்துக்காரர்கள். அப்பா பட்டு நெசவு. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்து குழித்தறிக்குள் கால் வைத்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் ஒரு பக்கம் முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். அதனால் வீட்டில் படிப்பது அக்காவின் வேலை. எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. கோர்வைப் புடவைக்கு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு நாடாவைத் தள்ளிக் கொடுக்க ஒரு சின்னக் கை வேண்டும். அது என் கை. அம்மா ஒரு மூலையில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு, எதிர்வீட்டு வாத்தியார் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்து வைத்திருந்த பழைய தொடர்கதையை வாசிப்பாள். 1944-லிருந்து 1946 வரை 'கல்கி' இதழில் வந்ததை வாரம் தவறாமல் சேர்த்து வைத்திருந்தார் அவர். நான்கு பாகம், நான்கு காலிகோ பைண்டு. ஒரு பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த பாகம் கிடைக்கும். மேலே எண்ணெய்க் கறை பட்டால் அதுவும் கிடைக்காது.

தறிச் சத்தத்துக்கு மேல் அக்கா குரலை உயர்த்திப் படிக்க வேண்டும். கதை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெருவில் போகிறவர்களுக்கே தெரியும். சில இடங்களில் தறி நின்றுவிடும். நூல் அறுந்துவிட்டதோ என்று பார்ப்பேன். நூல் அறுந்திருக்காது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அவருக்குப் பிடித்த பாத்திரம் மாமல்லர் இல்லை, ஆயனர்தான். மகளைத் தனியாக வளர்க்கிற கைவேலைக்காரர் என்பதாலோ என்னவோ. அஜந்தா ஓவியங்களின் அழியாத வர்ணம் எப்படிச் செய்வது என்று தெரிந்துகொள்ள ஆயனர் துடிப்பாரே, அந்த இடம் வந்தால் அப்பா அக்காவை மறுபடி படிக்கச் சொல்வார். அந்த மாதம்தான் அவர் நெய்த அரக்குச் சிவப்புப் புடவை ஒன்று சாயம் விட்டது என்று திரும்பி வந்திருந்தது. கூலியில் பிடித்துவிட்டார்கள். "சாயம் போகாத ரகசியம் அங்க இருக்குதுன்னா, பரஞ்சோதியை எதுக்கு அனுப்பணும்? நானே போயிட்டு வரேன்" என்பார். அம்மா, "முதல்ல ரேஷனுக்குப் போயிட்டு வாங்க" என்பாள்.

எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் கைலாசநாதர் கோயில். அந்தக் காலத்தில் கூட்டமே இருக்காது. மதிலை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னிதிகள், மொத்தம் 58. கண்ணாமூச்சி ஆடுவதற்கென்றே கட்டின மாதிரி இருக்கும். அந்தச் சன்னிதிகளில் ஒன்றிரண்டில் பழைய ஓவியங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பல நூற்றாண்டு சுண்ணாம்புக்கு அடியில் கிடந்தவற்றை 1931-இல் ழுவோ துப்ராய் என்கிற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். ஒரு பக்கம் முகம், கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் காவி. அப்பா எங்களைத் தூக்கிப் பிடித்துக் காட்டுவார். "ஆயனர் கை" என்பார்.

அது ஆயனர் கை இல்லை. அந்தக் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன், மாமல்லனுக்குக் கொள்ளுப்பேரன். கதை நடப்பதாகச் சொல்லப்படும் காலத்தில் அங்கே வெறும் தரைதான் இருந்திருக்கும். ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் கட்டியது, 1509-ஆம் வருடத்தது. சிவகாமி அதைப் பார்த்திருக்க முடியாது. காஞ்சியில் இன்று நாம் தலையை நிமிர்த்திப் பார்க்கிற எதுவும் கல்கியின் காஞ்சியில் இல்லை. அகழி இல்லை, மதில் இல்லை. வேகவதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆறு என்று சொன்னால் பேத்தி நம்பவில்லை.

ஆனால் அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பரஞ்சோதி மதயானை மேல் வேலை எறிந்த தெரு எது என்று அவருக்குத் தெரியும். கண்ணபிரானும் கமலியும் குடியிருந்த வீடு இருந்த சந்து தெரியும். புள்ளலூருக்கு என்னை சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போய், "இங்கதான் நம்ம படை நின்னுது" என்று ஒரு கேழ்வரகுக் கொல்லையைக் காட்டினார். இது மட்டும் பாதி நிஜம். புள்ளலூரில் மகேந்திரன் எதிரிகளை வென்றதாகப் பல்லவர் செப்பேடு சொல்கிறது. புலிகேசியின் ஐஹொளே கல்வெட்டோ, தன் படை கிளப்பிய தூசியில் பல்லவன் காஞ்சி மதிலுக்குள் போய் ஒளிந்தான் என்கிறது. இரண்டு பேரும் ஜெயித்திருக்கிறார்கள்! அதே ஊரில்தான் 1780-இல் ஹைதர் அலியும் திப்புவும் வெள்ளைக்காரப் படையை முறியடித்தது. அங்கே செத்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு நட்ட தூண்கள் இருக்கின்றன. அப்பா அந்தத் தூண்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது வேற யாருடைய கதையோ.

எல்லாவற்றிலும் முக்கியமானது தோப்பு. வாலாஜாபாத் போகும் வழியில், அய்யம்பேட்டை தாண்டி, சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு புளியந்தோப்பு. பக்கத்தில் தாமரைக் குளம். ஆயனரின் அரண்ய வீடு இருந்தது அங்கேதான் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார். காஞ்சிக்கும் மாமல்லபுரத்துக்கும் போகிற பாதை, குளம் இருக்கிறது, மரம் இருக்கிறது, வேறு என்ன வேண்டும்? அய்யம்பேட்டைக்குப் பாவு விஷயமாகப் போகும்போதெல்லாம் அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். கட்டுச்சோறு இருந்தால் அங்கேதான் பிரிப்பார்.

நான்காம் பாகம் முடிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒன்பது வருடம் வாதாபியில் சிறை இருந்து திரும்பிய சிவகாமி, மாமல்லருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஏகாம்பரநாதரையே கணவனாக வரித்துக்கொள்கிற கடைசி அத்தியாயம். அக்காவால் படிக்க முடியவில்லை. மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் படித்தாள். தறி நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. மறுநாள் அமாவாசையும் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை, அப்பா எல்லோரையும் ஏகாம்பரநாதர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிரகாரத்தில் ஒரு தூணோரம் நின்று, அம்மாவிடம், "இங்க நின்னுதான் ஆடியிருக்கும் அந்தப் பொண்ணு" என்றார். அம்மா அந்த இடத்தில் ஒரு கற்பூரம் ஏற்றினாள். இன்றைக்கும் அந்தத் தூணைத் தாண்டும்போது என் நடை கொஞ்சம் தயங்கும்.

இனி நான் எழுதப் போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் அல்ல.

1971. நான் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்திலேயே முதல் கல்லூரிக்காரன். அந்தச் சமயம் பல்லவர்மேட்டில் தொல்லியல் துறை குழி வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பல்லவர் அரண்மனை இருந்த இடம் என்று ஊரில் சொல்லிக்கொள்ளும் மேடு அது. அப்பாவுக்குச் செய்தி எட்டியதும் நிலைகொள்ளவில்லை. தறியை அப்படியே விட்டுவிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, "வாடா, நீ ஹிஸ்டரி படிக்கிறவன்தானே" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். சதுரம் சதுரமாகக் குழி, கயிறு கட்டி, தட்டுகளில் ஓட்டுச் சில்லுகள். அப்பா குனிந்து பார்த்தார். எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "சிவகாமி ஆடின மண்டபம் இன்னும் தென்படலீங்களா?"

நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். என்னோடு படிக்கிற பையன் ஒருவனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

வழியெல்லாம் நான் பேசவில்லை. வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது பொரிந்து தள்ளினேன். சிவகாமி என்று ஒருத்தி கிடையாது. ஆயனர் கிடையாது. நாகநந்தி கிடையாது. மகேந்திரன் உண்டு, நரசிம்மன் உண்டு, புலிகேசி உண்டு, பரஞ்சோதி உண்டு, 642-இல் வாதாபி விழுந்தது உண்டு. மீதியெல்லாம் கல்கி கற்பனையாக எழுதினது. நாலு பேர் முன்னால் மானத்தை வாங்காதீர்கள். கல்லூரி மேடையில் பேசுகிற மாதிரி பேசினேன்.

அப்பா கோபப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அப்ப நான் இத்தினி வருசமா யாருக்காகடா அழுதேன்?"

என்னிடம் பதில் இல்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பதில் இல்லை என்பதுகூடத் தெரியவில்லை. உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தத் தோப்பில் உட்கார்ந்ததாகக் கேள்விப்படவில்லை. அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள், வாசிக்க ஆளும் இல்லை. தறிக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ வந்தது.

தபால் துறையில் வேலை கிடைத்து ஊர் ஊராகச் சுற்றினேன். 1984-இல் எல்.டி.சி. போட்டுக் குடும்பத்தோடு ஹம்பி, பாதாமி, பட்டடக்கல் எல்லாம் போனோம். பாதாமிதான் வாதாபி. செக்கச் செவேலென்று பாறைகள் இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்கும். நடுவில் ஏரி. ஒரு பக்கப் பாறையில் நான்கு குடைவரைகள். ஏரித் தண்ணீரில் பாறையின் சிவப்பு இறங்கிச் சாயங்காலம் தண்ணீரே எரிகிற மாதிரி இருக்கும். அங்கே ஒரு பாறையில் நரசிம்மவர்மனின் கல்வெட்டே இருக்கிறது, அவனுடைய பதின்மூன்றாவது ஆட்சியாண்டு. நம்ம ஊர்க்காரன் அவ்வளவு தூரம் போய் வெட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறான் என்று கையால் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன்.

ஆனால் உண்மையில் நான் அங்கே தேடினது கல்வெட்டை அல்ல. மேலே ஏறி நின்று, கீழே தெரிந்த ஓட்டு வீடுகளையும் சந்துகளையும் பார்த்தபடி, சிவகாமியை எந்த வீட்டில் வைத்திருப்பார்கள், எந்த நாற்சந்தியில் நின்று அவள் ஆடியிருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வரலாறு படித்தவன்! என் மனைவி, "என்ன தேடறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

திரும்பி வந்ததும் அப்பாவிடம் சொல்ல ஒரு விஷயம் கொண்டுவந்திருந்தேன். பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயில் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைந்தால் நம்ம கைலாசநாதர் ஞாபகம் வந்துவிடும். அதைக் கட்டுவித்தவள் லோகமாதேவி, சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தனின் ராணி. அவன் காஞ்சியை ஜெயித்ததன் நினைவாகக் கட்டியது. வாதாபி எரிந்து ஏறக்குறைய நூறு வருடம் கழித்து அவன் படையோடு காஞ்சிக்குள் வந்தான். பழிக்குப் பழி வாங்கியிருக்கலாம். கைலாசநாதர் கோயிலுக்குள் போய், அங்கிருந்த பொன்னையும் பொருளையும் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளாமல் சாமிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அதைக் கன்னடத்தில் எழுதி வெட்டிய தூண் கைலாசநாதர் கோயில் மண்டபத்திலேயே நிற்கிறது. சின்ன வயதில் அந்தத் தூணுக்குப் பின்னால் எத்தனை தடவை ஒளிந்திருப்பேனோ!

அப்பாவை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் செய்ததற்குப் பிராயச்சித்தம் மாதிரி மனதில் ஒரு எண்ணம். அவருக்கு அப்போது கண் மங்கிவிட்டிருந்தது. தறியை விட்டுவிட்டார். எழுத்தைக் கை விரலால் தடவிப் பார்த்தார். புடவையில் கரையும் உடலும் சேர்கிற கோர்வையைத் தடவிப் பார்க்கிற அதே கட்டைவிரல்.

"எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டானா?"

"ஆமாம்ப்பா. கோயில் சொத்து அத்தனையும்."

"நல்லவன்தான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நம்ம பொண்ணோட ஒம்பது வருசத்தை யார் திருப்பிக் குடுத்தாங்க?" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, அவர் விடவே இல்லை என்று. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், நம்பவும் செய்தார், ஆனால் விடவில்லை. 1991-இல் அப்பா போய்விட்டார். யாருக்காக அழுதேன் என்ற கேள்விக்கு நான் கடைசி வரை பதில் சொல்லவில்லை.

பதில் கிடைத்தது ஓய்வு பெற்ற பிறகு. பூங்காவில் காலையில் நடக்கிற கூட்டத்தில் ஒரு சமஸ்கிருதப் பேராசிரியர் உண்டு. அவர் ஒருநாள் தண்டியைப் பற்றிச் சொன்னார். நம் தலைமுறைக்குத் தண்டி என்றால் தண்டியலங்காரம், அணி இலக்கணம், பரீட்சை பயம். அந்தத் தமிழ் நூலுக்கு மூலமான காவ்யாதர்சத்தை எழுதியவர் ஏறக்குறைய 1300 வருடத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் வாழ்ந்தவர் என்பது எனக்குத் தெரியாது. அவர் எழுதிய 'அவந்திசுந்தரி' என்ற உரைநடைக் கதை தொலைந்துபோய், கேரளத்துச் சுவடியிலிருந்து குறையாகக் கிடைத்து, 1924-இல்தான் அச்சேறியது. அதன் தொடக்கத்தில் அவர் தன் கதையையே சொல்கிறார்.

காஞ்சியில் பிறந்த பையன். சின்ன வயதிலேயே தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. பகைவர் படை வந்து நாடு குலைகிறது. வந்தவர்கள் சாளுக்கியர்களாகத்தான் இருக்கும் என்கிறார்கள். பஞ்சம். பையன் ஊரை விட்டு வெளியேறி எங்கெங்கோ அலைகிறான். அமைதி திரும்பின பிறகுதான் காஞ்சிக்குத் திரும்பி வருகிறான்.

பேராசிரியர் வேறு எதையோ விளக்கிக்கொண்டே போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா, நீங்க அழுதது இந்தப் பையனுக்காகத்தான், இவன் நிஜமாகவே இருந்தான், நம்ம ஊர், நம்ம தெருவாகக்கூட இருக்கலாம் என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? அன்று சாயங்காலம் அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாவுக்கு இது தெரிஞ்சிருந்தா, அந்தப் பையனுக்கும் ஒரு தோப்பு பிடிச்சிருப்பார்" என்றாள்.

இதையெல்லாம் பேத்தியிடம் ஊஞ்சலில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்டியின் கதையில் அடுத்து வருவதுதான் அவளை எழுப்பி உட்கார வைத்தது. ஊர் திரும்பிய தண்டியிடம் லலிதாலயன் என்கிற சிற்பி வருகிறான். மாமல்லபுரத்தில் கடலோரம் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளுக்குக் கை உடைந்துவிட்டது, நான் ஒட்டியிருக்கிறேன், ஒட்டினது சரியாக இருக்கிறதா என்று வந்து பாருங்கள் என்கிறான். தண்டி நண்பர்களோடு போய்ப் பார்க்கிறார். ஒட்டு எங்கே என்றே தெரியவில்லை. அந்த நேரத்தில் அலையில் ஒரு செந்தாமரை மிதந்து வருகிறது. பெருமாள் பாதத்தில் பட்டதும் அது ஒரு வித்யாதரனாக மாறி, கும்பிட்டுவிட்டு, ஆகாயத்தில் போய்விடுகிறது. யார் அவன் என்று தெரிந்துகொள்ள ஏங்கியதில்தான் கதை பிறக்கிறது.

"தாத்தா, இது ஃபேன்டஸி!" என்று கத்தினாள்.

"பின்ன?"

கல்கியும் இந்தக் கதைக்கு வித்து விழுந்தது மாமல்லபுரம் கடற்கரையில், ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது என்றுதான் எழுதியிருக்கிறார். காஞ்சியைப் பற்றி எழுத இரண்டு பேருக்கும் கடற்கரையில்தான் தோன்றியிருக்கிறது. மகேந்திர பல்லவன் மட்டும் ஊருக்குள்ளேயே கதை பண்ணினான். அவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருவிலேயே நடக்கிறது. குடிபோதையில் ஒரு காபாலிகன் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு ஒரு பௌத்த பிக்கு மேல் பழி போடுவான், கடைசியில் பார்த்தால் எடுத்துப்போனது ஒரு நாய். அந்த நாயைத் தன் நாவலில் சேர்த்துக்கொள்ளப் போவதாக அவள் அப்போதே குறித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வாடகைக் கார் வைத்துக் கிளம்பினோம். கடற்கரைக் கோயிலில் எல்லோரும் கடலைப் பார்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சிவன் சன்னிதிகளுக்கு நடுவே, இருட்டில், பாறையிலேயே செதுக்கின பெருமாள் படுத்திருக்கிறார். கோயில் எழும்பும் முன்பே அவர் அங்கே இருந்தார். தண்டி பார்த்தது இவரைத்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பேத்தி செல்போன் வெளிச்சத்தில் கையை வெகு நேரம் தேடினாள், ஒட்டு தெரிகிறதா என்று. உப்புக் காற்று ஒட்டையும் தின்றுவிட்டது, ஒட்டின கையையும் தின்றுவிட்டது. அலை இப்போது பாதம் வரை வருவதில்லை. கருங்கல் கொட்டி அரண் போட்டு, சுற்றிலும் புல் வளர்த்திருக்கிறார்கள். கோயில் பிழைத்ததே அதனால்தான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் தாமரை இனிமேல் எப்படி வரும் என்று அவள் கேட்டாள்.

திரும்பும்போது திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாக வந்தோம். வாலாஜாபாத் தாண்டியதும் டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னேன். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அடையாளம் தெரியுமா என்று சந்தேகம். புளிய மரங்கள் இல்லை. மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கற்கள் வரிசையாக நட்டிருந்தன. குளம் பாதி இருந்தது. பாதிக்கு மேல் ஆகாயத்தாமரை மூடியிருந்தது. நிஜத் தாமரை ஒரு ஓரமாக நாலைந்து இலை.

"கொள்ளுத் தாத்தா எங்க உக்காருவார்?"

சரியாகத் தெரியவில்லை. ஒரு குத்துமதிப்பாகக் காட்டினேன். அவள் போய் ஒரு மனைக்கல் மேல் உட்கார்ந்து, நோட்டை எடுத்து, வரைபடத்தில் காட்டு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் வரைந்தாள். "அந்த உலகத்துல சைக்கிள் இருக்குமா?" என்றேன். "நான் உண்டாக்கின ஊர்தானே தாத்தா" என்றாள்.

பெங்களூருக்குப் போய்விட்டாள். முதல் மூன்று அத்தியாயம் முடிந்துவிட்டதாம். தீபாவளிக்கு வரும்போது படித்துக் காட்டுகிறேன் என்றிருக்கிறாள். ஆங்கிலத்தில்தான் எழுதுகிறாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் படி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அக்காவையும் அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.